வீதியில் எழுதிய வரலாறு – 17: செல்மாவின் பாலம், வாட்ஸின் நெருப்பு

1965 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டதோடு சென்ற இதழை முடித்தோம். மார்ட்டின் லூதர் கிங்கும் ரோசா பார்க்ஸும் அங்கே இருந்தார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த பெரும் வெற்றி அது.

அதற்குப் பிறகு ஐந்தே நாள். ஆகஸ்ட் 11 மாலை, லாஸ் ஏஞ்சல்ஸின் தென்பகுதியில், வாட்ஸ் வட்டாரத்தை ஒட்டி, குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொல்லி ஒரு கறுப்பின இளைஞரின் காரை நெடுஞ்சாலைக் காவலர்கள் நிறுத்தினார்கள். அவருடைய தாய் ஓடிவந்தார். தள்ளுமுள்ளு ஆனது. கூட்டம் சேர்ந்தது. அடுத்த ஆறு நாளில் 34 உயிர்கள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் கைதானார்கள். நான்கு கோடி டாலர் சொத்து சாம்பலானது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். பலர் காவல்துறையும் தேசியக் காவல்படையும் சுட்டதில் செத்தவர்கள்.

நாடு ஒன்று, ஆண்டு ஒன்று, அடியில் கிடந்த அநீதியும் ஒன்று. ஆனால் மார்ச் மாதம் அலபாமா மாநிலத்தின் செல்மாவைப் பார்த்துக் கொதித்தெழுந்த வெள்ளை அமெரிக்கா, ஆகஸ்டில் வாட்ஸைப் பார்த்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டது. இந்த ஐந்து மாத இடைவெளியில் மக்கள் மனத்தில் என்ன நடந்தது என்பதுதான் இந்த இதழின் விஷயம். அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போய் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடி வாங்கப் பழகியவர்கள்

ஜேம்ஸ் லாசன் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். பிறகு இந்தியா வந்து, நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு பணியாற்றினார். காந்தியின் சத்தியாகிரகத்தை அங்கே ஊன்றிப் படித்தார். மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கிறார்கள் என்ற செய்தியையும் நாக்பூரில் ஒரு நாளிதழில்தான் பார்த்தார். ஊர் திரும்பியதும் 1957இல் கிங்கைச் சந்தித்தார். காத்திருக்க வேண்டாம், உடனே தெற்கே வாருங்கள் என்றார் கிங்.

லாசன் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் போய், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வெள்ளையருக்கு மட்டுமான உணவக மேடை முன் அமர்வதுபோல உட்காருவார்கள். அவர்களுடைய நண்பர்களே வெள்ளை ரவுடிகளாக வேடமேற்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தவர் தலையை எப்படிக் காக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அடிபடும்போது எப்படிக் குறுக்கே போய்த் தாங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகினார்கள். கை ஓங்கிவிடுவோம் என்று பயந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது. தொலைபேசி அருகே உட்காரலாம், கார் ஓட்டலாம். மேடைக்கு மட்டும் போகக் கூடாது.

1960 பிப்ரவரியில் அவர்கள் நாஷ்வில் கடைகளுக்குள் போய் அமர்ந்தார்கள். டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட் ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் உடையில் வந்தார்கள். கையில் பாடப்புத்தகம் இருந்தது. திருப்பி அடிக்காதே, மேடையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார், மரியாதை தவறாதே என்ற விதிகள் தாளில் அச்சாகி எல்லோர் கையிலும் இருந்தன. பிப்ரவரி 27 அன்று வெள்ளை இளைஞர் கூட்டம் புகுந்து அவர்களை அடித்தது. போலீஸ் வந்து, அடி வாங்கிய மாணவர்களில் ஏறத்தாழ 80 பேரைக் கைது செய்தது. மே மாதம் நாஷ்வில் உணவக மேடைகள் எல்லோருக்கும் திறந்தன.

அதே பிப்ரவரியில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரிலும் மாணவர்கள் இப்படி அமர்ந்தார்கள். அங்கே ஒரு நாளிதழின் ஆசிரியர் ஜேம்ஸ் கில்பாட்ரிக், இனப்பிரிவினையைக் கட்டிக்காப்பதில் பேர்போனவர். அவரே தலையங்கத்தில் வேதனைப்பட்டு எழுதினார்: உள்ளே கோட்டும் டையும் அணிந்து, கையில் புத்தகத்தோடு கறுப்பின மாணவர்கள், வெளியே கேலி பேசிக் கூச்சலிட்ட வெள்ளைப் பையன்கள். எதிரியின் பேனாவையே தயங்க வைத்தது அந்தக் காட்சி. லாசன் வகுப்பெடுத்ததும் இத்தகைய பலனுக்காகத்தான்.

அமைதியையும் விரும்பாத பொதுஜனம்

இந்த இடத்தில் ஒரு பொதுவான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். கிங்கின் அறவழிப் போராட்டத்தை அமெரிக்கப் பெரும்பான்மை கைதட்டி வரவேற்றது என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவே இல்லை.

1961இல் கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகப் பேருந்துகளில் கலந்து அமர்ந்து தெற்கே பயணம் செய்தவர்களை அடித்து நொறுக்கினார்கள், பேருந்தையே எரித்தார்கள். அப்போது காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. அந்தப் பயணிகள் செய்ததை ஏற்றவர்கள் 22 விழுக்காடு. ஏற்காதவர்கள் 61 விழுக்காடு. உள்ளிருப்பு, பேருந்துப் பயணம் போன்றவை கறுப்பின மக்களின் நோக்கத்துக்கே கெடுதல் என்றவர்கள் 57 விழுக்காடு. 1963 ஆகஸ்டில், வாஷிங்டனில் நடக்கவிருந்த மாபெரும் பேரணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினர் மட்டுமே அதை நல்லவிதமாக நினைத்தார்கள். 60 விழுக்காட்டினர் எதிராக இருந்தார்கள். ஒரு கல்கூட விழாத பேரணி அது.

ஆகவே போராட்டக்காரரை மக்கள் விரும்பத் தொடங்கியதால் சட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. தெற்கத்திய ஆட்சியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் போனதால்தான் வந்தது. இந்த வேறுபாடு நுட்பமானது. ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. போராடுபவர் மீது அன்பு வர வேண்டிய அவசியம் இல்லை. அடிப்பவன் யார், அடி வாங்குபவர் யார் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராமல் இருந்தால் போதும்.

இதைக் கிங்கின் அணி ஒரு தோல்வியில்தான் கற்றது. 1961–62இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் பெரிய இயக்கம் எழுந்தது. அங்கே காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். கிங்கின் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் ஆட்களிடம் தடியைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தார். கைது செய்யும்போது மரியாதை. அடி இல்லை, நாய் இல்லை. தன் ஊர்ச் சிறை நிறைந்துவிடக் கூடாது என்று சுற்றுவட்டார மாவட்டச் சிறைகளிலெல்லாம் முன்கூட்டியே இடம் பேசிவைத்தார். கிங் சிறையில் இருந்தால் செய்தியாகும் என்பதால், யாரோ அபராதம் கட்டிவிட்டதாகச் சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். காமிராவுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போனது.

1962 ஜூலை 24 இரவு ஊர்வலம் ஒன்றின் ஓரத்தில் நின்ற சிலர் போலீஸ் மீது கல்லையும் பாட்டிலையும் வீசினார்கள். ஊர்வலத்தில் நடந்தவர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பிரிட்செட் காத்திருந்தது இதற்குத்தான். அகிம்சைக் கற்களைப் பார்த்தீர்களா என்று நிருபர்களிடம் கேட்டார். 1922இல் சௌரி சௌரா காவல் நிலையம் எரிந்தபோது காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார் அல்லவா? அந்த வழியில் கிங் மறியலை நிறுத்திவைத்து, ஒரு நாளைப் பரிகார நாளாக அறிவித்தார். பில்லியர்ட்ஸ் கூடங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் நேரே போனார். விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்களை நிறுத்தி, தயவுசெய்து கல்லெடுக்காதீர்கள் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டார். ஆல்பனியில் கையில் எதுவும் கிடைக்காமலே அவர் ஊர் திரும்பினார்.

அடுத்த ஆண்டு அலபாமாவின் பர்மிங்காமில் காவல்துறையை நடத்திய புல் கானருக்குப் பிரிட்செட்டின் பொறுமை கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் மீது தீயணைப்புக் குழாயையும் நாயையும் ஏவினார். படங்கள் உலகம் சுற்றின. ஜூன் 11 அன்று அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, சட்டம் கொண்டுவரப்போவதாக நாட்டுக்குச் சொன்னார்.

பாலத்தின் மேல் ஒரு ஞாயிறு

செல்மா நிகழ்வுகளைச் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். மக்கள் கருத்தோடு தொடர்புடைய பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1965 மார்ச் 7. வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 600 பேர் இரண்டிரண்டு பேராக எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறினார்கள். முன்னால் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும். பாலத்துக்கு அப்பால் மாநிலக் காவலர்கள் சாலையை அடைத்து நின்றார்கள். ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் சிலர் குதிரைமேல் இருந்தார்கள். கலைந்து போக இரண்டு நிமிடம் தருகிறோம் என்றார் அதிகாரி. அந்த இரண்டு நிமிடம்கூட முடியவில்லை, படை முன்னேறியது. தடியடி, கண்ணீர்ப்புகை, சவுக்கு. லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அமீலியா பாய்ன்டன் என்ற மூத்த பெண்மணி நினைவிழந்து சாலையோரம் கிடந்தார்.

அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. நாஜிக் கொடுமைகளை விசாரித்த நீதிமன்றத்தைப் பற்றிய படம். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கையில் நிறுவனம் படத்தை நிறுத்திவிட்டுச் செல்மா காட்சிகளைக் காட்டியது. சாலை மட்டத்தில் வைத்த காமிரா. ஒரு பக்கம் ஆயுதம், மறுபக்கம் வெறுங்கை. விளக்கம் சொல்ல ஆளே தேவைப்படவில்லை.

ஆனால் காமிரா பார்க்காத ஒரு காட்சியும் அன்று மாலை நடந்தது. அதுவும் நடந்திராவிட்டால் செல்மாவின் கதையே மாறியிருக்கும். ஊர்வலம் புறப்பட்ட பிரவுன் தேவாலயத்தைச் சுற்றி ரத்தம் வழிய மக்கள் நின்றார்கள். சிலர் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வரத் துடித்தார்கள். கிங்கின் உதவியாளர் ஆண்ட்ரூ யங் அவர்களிடம் வேதம் ஓதவில்லை. உன்னிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது, முப்பத்திரண்டா முப்பத்தெட்டா என்று கேட்டார். எதிரே தானியங்கித் துப்பாக்கிகள் எத்தனை இருக்கின்றன, நீ சுட்டால் அவன் திருப்பிச் சுடுவது யார் மீது படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணக்குப் பார்க்க வைத்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை.

அன்றிரவு ஒரே ஒரு குண்டு கறுப்பினத்தவர் பக்கமிருந்து பறந்திருந்தால், மறுநாள் தலைப்புச் செய்தி ‘செல்மாவில் மோதல்’ என்று மாறியிருக்கும். மோதல் என்றால் இரு தரப்பு. இரு தரப்பு என்றால், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் கையை விரித்துவிட்டு எழுந்து போய்விடலாம்.

அப்படி நடக்காததால், கிங் அழைத்ததும் நாட்டின் பல மூலைகளிலிருந்து பாதிரியார்களும் கன்னியர்களும் ரபிகளும் செல்மாவுக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டாம் நாள் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசினார்; இயக்கத்தின் முழக்கத்தையே தம் வாயால் சொன்னார். செல்மா விவகாரத்தில் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று அந்த வசந்தத்தில் கருத்துக்கணிப்பு கேட்டது. 48 விழுக்காட்டினர் உரிமைப் போராட்டக்காரர்கள் பக்கம். 21 விழுக்காட்டினர் அலபாமா அரசின் பக்கம். நான்கே ஆண்டு முன்னால் பேருந்துப் பயணிகளுக்கு 22 விழுக்காடுதான் ஆதரவு என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிம் கிளார்க் அடுத்த ஆண்டு, கறுப்பின மக்களும் வாக்களித்த தேர்தலில், பதவியை இழந்தார்.

மேலிருந்து பார்த்த நெருப்பு

வாட்ஸ் மக்களின் குறை செல்மாவின் குறைக்கு இளைத்ததல்ல. வேலையின்மை, நெரிசலான வீடுகள், நாளும் நடக்கும் போலீஸ் அவமதிப்பு. வீடு விற்பதில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை, 1964 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தூக்கியெறிந்திருந்தார்கள். வாக்குரிமை அங்கே ஏற்கெனவே இருந்தது. அதனால் வீடும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. செல்மாவில் ஜெயித்த சட்டம் வாட்ஸ் தெருவில் எதையும் மாற்றாது என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் திரையில் தெரியவில்லை. கேடிஎல்ஏ என்ற உள்ளூர் நிலையம் ஹெலிகாப்டரில் காமிரா பொருத்தி, எரியும் நகரை மேலிருந்து நேரலையாகக் காட்டியது. மேலிருந்து பார்க்கையில் புகை தெரிந்தது, கடையை உடைத்துச் சாமான் தூக்கிக்கொண்டு ஓடும் உருவங்கள் தெரிந்தன. முகம் தெரியவில்லை, காரணம் தெரியவில்லை. யார் முதலில் அடித்தது என்பதும் தெரியவில்லை. நகரக் காவல்துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர், கலவரக்காரர்களை மிருகக்காட்சிசாலைக் குரங்குகளோடு ஒப்பிட்டுப் பேசினார். செல்மாவில் இதுபோல் பேசியிருந்தால் நாடு காறித் துப்பியிருக்கும். வாட்ஸில் பலர் தலையாட்டினார்கள்.

கிங் அங்கே போனார். சாம்பல் மேட்டில் நின்ற இளைஞர்கள், நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். இத்தனை பேர் செத்திருக்கிறார்கள், எல்லாம் எரிந்துபோயிருக்கிறது, இது எப்படி வெற்றி என்று கேட்டார் கிங். அவர்களை எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தோமே என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. அலட்சியப்படுத்தக் கூடாத உண்மை. நகர மேயர் உட்பட அதுவரை யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் விளைவைத் தீர்மானித்தது. செல்மாவைப் பார்த்தவர், நம் அரசு இப்படியா என்று கேட்டார். வாட்ஸைப் பார்த்தவர், நம் தெருவுக்கும் இது வருமா என்று கேட்டார். முதல் கேள்வி சட்டம் இயற்றச் சொன்னது. இரண்டாவது கேள்வி கூடுதல் போலீஸ் கேட்டது.

விளைவுகள் வரிசையாக வந்தன. 1966இல் வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா செனட்டில் மடிந்தது. அந்த நவம்பரில் குடியரசுக் கட்சி கீழவையில் 47 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. சட்டம் ஒழுங்கு பேசிய ரொனால்ட் ரேகன், ஏறத்தாழ பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் கலிபோர்னியா ஆளுநரானார். கிங் மீது நல்லெண்ணம் இல்லாதவர்கள் 63 விழுக்காடு என்றது 1966இன் காலப் கணிப்பு. ஒரு கல்லையும் எடுக்காதவர், எடுக்காதீர்கள் என்று தெருத்தெருவாய்ப் போய்ச் சொன்னவர். ஆனாலும் எங்கோ ஒரு கடை எரிந்தால் அதன் பழியும் அவர் தலையில் விழுந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இயக்கம் வேறு, கலவரம் வேறு என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை.

நேர்மையாகச் சொல்வதானால், எல்லாப் பழியையும் வாட்ஸ் மேல் போட முடியாது. 1966 ஆகஸ்ட் 5 அன்று சிகாகோவில் வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கிங்கின் தலையில் வெள்ளைக் கூட்டத்திலிருந்து வந்த கல் பட்டது. மிசிசிப்பியில்கூட இவ்வளவு வெறுப்பைக் கண்டதில்லை என்றார் அவர். ஆனால் செல்மா போன்ற கொந்தளிப்பு எழவில்லை. அலபாமா ஷெரீஃபைக் கண்டிப்பது வடக்கத்தியருக்கு எளிது. பக்கத்து வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பது அவ்வளவு எளிதாக இல்லை. கலவரம், ஏற்கெனவே தயங்கியவர்களுக்குக் கண்ணியமான ஒரு சாக்கைக் கொடுத்தது.

1967 ஜூலையில் நியூவர்க்கில் 26 பேர், டெட்ராய்ட்டில் 43 பேர் மாண்டார்கள். ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968 தொடக்கத்தில் அறிக்கை தந்தது. திட்டமிட்ட சதி எதுவும் இல்லை. நாடு கறுப்பு, வெள்ளை என்று சமமற்ற இரு சமுதாயங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. வெள்ளை இனவாதமே அடிப்படைக் காரணம் என்றது. செய்தி நிறுவனங்கள் ஊதிப் பெருக்கியதையும் அது பிடித்துக் காட்டியது. டெட்ராய்ட் சேதம் முதலில் 20 கோடி முதல் 50 கோடி டாலர் என்று பத்திரிகைகளில் வந்தது. சரிபார்த்தபோது அதிகபட்ச மதிப்பே நாலரைக் கோடி டாலர்தான். அறிக்கைப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதன் பரிந்துரைகளை நிறைவேற்ற அரசியலில் ஆள் இல்லை.

மெம்பிஸில் உடைந்த கண்ணாடி

1968 பிப்ரவரி 1. டென்னசியின் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரிக்குள் ஏறிய இரு துப்புரவுத் தொழிலாளர்கள், எக்கால் கோல், ராபர்ட் வாக்கர், குப்பை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்பதுதான் அவர்கள் ஏந்திய வாசகம். வேலைநிறுத்தக் குழுவை வழிநடத்தியவர் நாஷ்வில்லில் வகுப்பெடுத்த அதே ஜேம்ஸ் லாசன். அவர்தான் கிங்கை அழைத்தார்.

மார்ச் 28 காலை கிங் வரத் தாமதமானது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். பள்ளியைவிட்டு வந்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள்; எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். வாசக அட்டைகள் நீண்ட மரக்குச்சிகளில் அடிக்கப்பட்டிருந்தன. ஊர்வலம் பீல் தெருவைத் தொட்டதும் பின்னாலிருந்து கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. சிலர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குச்சியால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் ஒலிபெருக்கியில் திரும்பிப் போங்கள் என்று கத்தினார். கிங்கை அவசரமாக ஒரு காரில் ஏற்றி அனுப்பினார்கள். போலீஸ் தடியோடும் கண்ணீர்ப்புகையோடும் பாய்ந்தது. லாரி பேன் என்ற 16 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மாலைக்குள் ஊரடங்கும் ஏறத்தாழ 4,000 தேசியக் காவலர்களும் வந்து சேர்ந்தன.

மறுநாள் செய்திகளில், நசுங்கி இறந்த தொழிலாளர் இருவரும் இல்லை. சுடப்பட்ட சிறுவனும் முன்னுக்கு வரவில்லை. உடைந்த கண்ணாடி இருந்தது. கிங் ஓடிப்போனார் என்ற ஏளனம் இருந்தது. அவர் வாஷிங்டனில் நடத்தத் திட்டமிட்டிருந்த ஏழைகள் போராட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று செனட்டில் குரல் எழுந்தது. ஒன்றரை மாத வேலைநிறுத்தத்தின் நியாயம் முழுவதையும் மறைக்க, ஒரு தெருவில் சில நிமிடம் போதுமாக இருந்தது.

தொழிலாளர்கள் அதே நாளில் பாடம் கற்றார்கள். மார்ச் 29 அன்று மறுபடியும் நடந்தார்கள். இம்முறை குச்சி இல்லை. அட்டைகளைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். ஒருபக்கம் துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிய காவலர் வரிசை, மறுபக்கம் கவச வண்டிகள், நடுவே ஒற்றை வரிசையில் அந்த மனிதர்கள். மெம்பிஸ் வேலைநிறுத்தம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் காட்சியின் புகைப்படம்.

கிங் அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்டியே தீர வேண்டும் என்று மெம்பிஸுக்குத் திரும்பினார். ஏப்ரல் 4 மாலை லொரெய்ன் விடுதி மாடத்தில் சுடப்பட்டு இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பற்றி எரிந்தன. ஏப்ரல் 8 அன்று கொரெட்டா ஸ்காட் கிங் தலைமையில் பல்லாயிரம் பேர் மெம்பிஸ் தெருக்களில் பேச்சில்லாமல் நடந்தார்கள். ஏப்ரல் 16 அன்று நகராட்சி இறங்கிவந்து தொழிற்சங்கத்தை ஏற்றது.

மழை பெய்த ஊர்களும் பெய்யாத ஊர்களும்

அந்த நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் அதிபரானார். அவருக்கு 43.4 விழுக்காடு வாக்கு, ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 42.7. இந்த மயிரிழை வித்தியாசத்தில் ஏப்ரல் கலவரங்களின் பங்கு எவ்வளவு? அரசியல் அறிஞர் ஓமர் வாசோ 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தது. மழை பெய்தால் மக்கள் தெருவுக்கு வருவது குறையும். 1968 ஏப்ரலில் மழை பெய்த ஊர்களையும் பெய்யாத ஊர்களையும் ஒப்பிட்டால், கலவரத்தின் விளைவை மற்றக் காரணங்களிலிருந்து பிரித்தெடுக்கலாம். அப்படிப் பார்த்தபோது, கலவரங்களால் வெள்ளையர் வாக்கு 1.5 முதல் 7.9 விழுக்காடு வரை குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. அதுவே தேர்தலைத் திருப்பியிருக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். மறுபுறம், அறவழிப் போராட்டங்கள் நடந்த இடங்களை ஒட்டிய மாவட்டங்களில் ஜனநாயகக் கட்சியின் வாக்கு 1.6 முதல் 2.5 விழுக்காடு வரை கூடியிருந்தது. அரசோ குண்டர்களோ அந்த அறவழிப் போராட்டத்தை அடக்க முயன்றபோது அதன் தாக்கம் இன்னும் வலுத்தது.

எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1992 லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் பொதுப் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் யோசனைக்கு ஆதரவு கூடியதாக இன்னொரு ஆய்வு காட்டுகிறது. 1968இன் வீட்டுவசதிச் சட்டமே, கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், வாஷிங்டன் புகைந்துகொண்டிருக்கையில்தான் கீழவையில் நிறைவேறியது. அருகில் இருப்பவர்க்குக் கலவரம் சில நேரம் குறையைப் புரியவைக்கிறது. தொலைவில் இருப்பவரையோ அது பெரும்பாலும் பயமுறுத்துகிறது. ஆனால் நாடு தழுவிய தேர்தலைத் தீர்மானிப்பவர்கள் தொலைவில் இருப்பவர்களே.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அடி வாங்கியவர் ஒருமுறை கை ஓங்கினால் உலகம் அவரிடம் கணக்குக் கேட்கிறது, அடித்தவரிடம் கேட்பதில்லை. புனிதராக நடந்தால் மட்டும் உன் நியாயத்தைக் கேட்கிறேன் என்று சொல்வது மனிதத்தன்மை அல்ல. கலவரம் என்பது கேட்கப்படாதவர்களின் மொழி என்று கிங்கே பேசினார். கலவரத்தைக் கண்டிப்பவர், அதை விளைவித்த நிலைமையையும் அதே வேகத்தில் கண்டிக்க வேண்டும் என்றார்.

அநியாயம் என்று தெரிந்தேதான் லாசனும் நாஷும் லூயிஸும் அந்த விதியை ஏற்றார்கள். பொதுஜனம் நீதிமான் என்று நம்பியதால் அல்ல. அது எப்படிப் பார்க்கும், எதைக் கண்டு மிரளும், எந்தச் சாக்கைப் பிடித்து நழுவும் என்று துல்லியமாக அறிந்திருந்ததால். நழுவ இடம் கொடுக்காமல் நிற்பதற்கு அவர்கள் தங்கள் மண்டையை விலையாகக் கொடுத்தார்கள். அந்த ஒழுங்கைக் கோழைத்தனம் என்று சொல்பவர் அந்தப் பயிற்சி அறையைப் பார்த்ததில்லை. கலவரக்காரரை வெறும் கயவர் என்று சொல்பவர் வாட்ஸ் தெருவைப் பார்த்ததில்லை. இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுபவரிடமிருந்தே ஓர் இயக்கம் ஏதாவது கற்றுக்கொள்ள முடியும்.

கிங் தொடங்கி முடிக்காமல் விட்ட ஏழைகள் போராட்டம், 1968 மே மாதம் வாஷிங்டன் நகரின் நடுவே கூடாரம் அடித்தது. அதுவும் அறவழிப் போராட்டமாகவே திட்டமிடப்பட்டது. ஆனாலும் நாடு திரும்பிப் பார்க்கவில்லை. அமைதி மட்டும் போதுமா என்ற அடுத்த கேள்வியை அந்தக் கூடாரங்களில் வைத்துப் பார்ப்போம்.

(தொடரும்)